காண்டல், கருதல், உரை: வகுப்பறைத் திரையில் ஓர் ஓவியம்



மொழி பற்றிய பொழிவு வரிசையில் ஓவியத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் ஓவியனும் அல்லன், கலைத் திறனாய்வாளனும் அல்லன். மொழியியலைப் படித்து, அதையே கற்பித்து, ஓய்வு பெற்றவன். என்னை இந்தத் தலைப்புக்கு இழுத்து வந்தது ஒரு மாணவி சொன்ன ஒரு தொடர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பொன்றைப் பார்வையிட அழைத்திருந்தார்கள். அன்றைய பாடம் ஓர் ஓவியத்தைப் பார்த்துக் கருத்துரைத்தல். ஆசிரியர் மிகுந்த அக்கறையோடு இருபதுக்கும் மேற்பட்ட படவில்லைகளைத் தயாரித்து வந்திருந்தார். முதல் வில்லையின் இடப்பக்க மூலையில் ஓவியம் தீப்பெட்டி அளவில் இருந்தது. மீதி இடம் முழுவதும் எழுத்து. ஓவியர் பெயர், பிறந்த ஆண்டு, பயன்படுத்திய வண்ணம், ஓவியம் உணர்த்தும் கருத்து, அதன் சிறப்புகள் என வரிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து அமர்ந்தன. முப்பது நிமிடம் கழித்து, "இப்போது உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்றார் ஆசிரியர். என்னருகே இருந்த மாணவியின் தாள் வெறுமையாகவே இருந்தது. ஏனம்மா எழுதவில்லை என்று கேட்டேன். "எழுத ஒன்னும் இல்ல ஐயா. எல்லாம் ஸ்லைடுலயே இருக்கு" என்றாள்.

அந்தப் பிள்ளை சோம்பேறி அல்லள். உள்ளதைத்தான் சொன்னாள். அந்த ஆசிரியரையும் நான் குறை கூற மாட்டேன். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே வகுப்பு எடுத்தவன், என் வில்லைகளில் எழுத்து இன்னும் சிறியதாக இருக்கும்.

படவில்லை என்னும் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 'வில்லை' என்பது தட்டையான சிறு வட்டத்தையும் கண்ணாடித் துண்டையும் குறிப்பது. மருந்துக் கடையிலும் வில்லை உண்டு, மூக்குக் கண்ணாடியிலும் வில்லை உண்டு. கண்ணாடித் தகட்டிலும் பின்னர் படச்சுருள் துண்டிலும் படத்தைப் பதித்து, ஒளி பாய்ச்சித் திரையில் விழச் செய்த காலத்தில் அந்தச் சொல் பொருத்தமாக வந்து சேர்ந்தது. கோடாக் நிறுவனம் 1961இல் வெளியிட்ட வட்டத்தட்டுப் படவீழ்த்தியைக் கல்லூரியில் நான் கையாண்டதுண்டு. ஒவ்வொரு படத்தையும் தலைகீழாகச் செருக வேண்டும். 2004இல் அந்நிறுவனம் அக்கருவிகளின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பவர்பாயிண்ட் அதற்கு முன்பே, 1987இல், வந்துவிட்டது. இன்று கண்ணாடியும் இல்லை, சுருளும் இல்லை. சொல் மட்டும் நிலைத்திருக்கிறது.

ஆனால் கருவி மாறியபோது வேறொன்றும் மாறியது. பழைய படவில்லையில் படம் மட்டுமே இருந்தது. சொற்கள் ஆசிரியரின் வாயிலும் மாணவரின் வாயிலும் இருந்தன. இன்றைய வில்லையில் படமும் சொல்லும் ஒரே பரப்பில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியில் எழுத்தே வெல்கிறது. ஏனெனில் எழுத்தைப் படிக்கப் பழகிய அளவுக்கு நாம் படத்தைப் படிக்கப் பழகவில்லை. திரையில் பத்து வரி எழுத்தும் ஒரு படமும் இருந்தால் கண் முதலில் எழுத்துக்குத்தான் ஓடும். வரிகளைப் படித்து முடித்தபின் படம், படித்ததைச் சரிபார்க்கும் சான்றாக மட்டுமே எஞ்சுகிறது.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ் அளவை மரபிலிருந்து மூன்று சொற்களைக் கடன் வாங்க விரும்புகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், ஒரு பொருளை நாம் எவ்வாறு அறிகிறோம் என்ற வினாவோடு அளவை இலக்கணத்தைத் தொடங்குகிறது. அறியும் வழிகள் பத்து என்று பிறர் கூறுவதை எடுத்துச் சொல்லி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிக்கிறது. கண்ணால் காண்பது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். அறிந்தவர் சொல்லக் கேட்டுக்கொள்வது உரை. சித்தியார் இவற்றைக் கூறியது இறையுண்மையை நிறுவுவதற்காக. பதினான்கு வயதுப் பிள்ளை ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போதும் இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன என்பது என் துணிபு.

தமிழ் வினைச்சொற்களே இந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்கின்றன. "பலகையில் எழுத்து தெரிகிறது" என்றால் காண்டல். "இவர்கள் வேலை முடிந்து வந்தவர்களாகத் தோன்றுகிறது" என்றால் கருதல். "இது 1959இல் வரையப்பட்டது என்கிறார்கள்" என்றால் உரை. தெரிகிறது, தோன்றுகிறது, என்கிறார்கள். மூன்று முற்றுகள் போதும், வகுப்பு நடத்திவிடலாம். தொலைவில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று ஐயுறும்போது அந்த ஐயத்தை எவ்வாறு சொல்லில் வைப்பது என்பதற்குத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே விதி வகுத்திருக்கிறது. உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லாதிருப்பதை இலக்கணமாக்கிய மொழி நம்முடையது. அந்த மாணவி பார்த்த படவில்லையில் மூன்றும் ஒரே எழுத்துருவில், ஒரே வரிசையில், ஒரே உறுதியுடன் இருந்தன. எது கண்ணுக்குத் தெரிவது, எது ஆசிரியரின் ஊகம், எது ஏட்டிலிருந்து எடுத்தது என்று பிரித்தறிய அவளுக்கு வழியே இல்லை.

இப்போது ஓர் ஓவியத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள 'தேசிய மொழி வகுப்பு'. வரைந்தவர் சுவா மியா டீ. சீனாவின் சாந்தோவில் 1931இல் பிறந்து, இங்கு நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பயின்றவர், பின்னாளில் கலாசாரப் பதக்கம் பெற்றவர். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள நெய்வண்ண ஓவியம். கலைக்கூடம் 2015 நவம்பரில் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்த கட்டடத்தில் திறக்கப்பட்டபோது, சிங்கப்பூர்க் கலைக்கான காட்சிக்கூடத்தின் முதல் கண்காட்சிக்குத் தலைப்பே இந்த ஓவியத்தின் கரும்பலகையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. பாருங்கள், இத்தனை உரையை உங்கள் தலையில் நானே ஏற்றிவிட்டேன்! மாணவர்களிடம் இதில் ஒரு சொல்லும் முதலில் சொல்லக்கூடாது.

நான் இதை ஒரு சிறிய வகுப்பில் நடத்திப் பார்த்தேன். முதல் வில்லையில் கரிய பின்புலத்தில் ஓவியம் மட்டும். தலைப்பு இல்லை, பெயர் இல்லை, ஆண்டு இல்லை. இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது என்றேன். வகுப்பறையில் இரண்டு நிமிட அமைதி எவ்வளவு நீளமானது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். முதல் அரை நிமிடத்தில் மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். அடுத்த அரை நிமிடத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பின்னரே படத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு 'தெரிகிறது' என்று முடியும் வாக்கியங்களை மட்டும் சொல்லச் சொன்னேன். வட்ட மேசை தெரிகிறது. கரும்பலகை தெரிகிறது. சீருடை தெரியவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன மாணவன் ஒரு கணம் நின்று, "அப்படியென்றால் இவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை என்று தோன்றுகிறது" என்றான். காண்டலிலிருந்து கருதலுக்கு அவன் தானே கால் வைத்துவிட்டான். நான் ஒன்றும் செய்யவில்லை. பலகையில் நடுவே ஒரு கோடு மட்டும் போட்டேன், அவன் வாக்கியத்தை அடுத்த பத்தியில் எழுதுவதற்காக.

அடுத்த வில்லையில் அதே ஓவியத்தின் கரும்பலகை மட்டும் திரை முழுதும் விரிந்தது. இங்கேதான் மின்திரை தன் முழுப் பயனையும் தருகிறது. அச்சிட்ட பாடநூலில் இந்தப் பலகை ஒரு கருநிறக் கட்டம் மட்டுமே. கலைக்கூடத்தில் முப்பது மாணவர் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவனுக்கும் அவ்வளவுதான். பெரிதாக்கிய படத்தில் மலாய் எழுத்துகள் துலங்கின. "சியாப்பா நாமா காமு?" என்பது முதல் வரி. "டி-மானா அவாக் திங்கல்?" என்பது இரண்டாவது. உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

மொழியியல்காரனின் கண் இங்கே நிற்காமல் எங்கே நிற்கும்? முதல் வினாவில் முன்னிலைப் பெயர் 'காமு'. இரண்டாம் வினாவில் 'அவாக்'. இரண்டுக்கும் பொருள் 'நீ'தான், ஆனால் ஒரே ஆசிரியர் ஒரே பலகையில் ஏன் இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறார்? நான் வினவும் முன்பே ஒரு மாணவி, "முதலில் 'நீ', அப்புறம் 'நீங்கள்' மாதிரியா?" என்றாள். அப்படி நேருக்கு நேர் வைத்து அளக்க இயலாது என்றேன். வயது, நெருக்கம், வட்டாரம் ஆகியவற்றைப் பொறுத்து இவ்விரு சொற்களின் எடை மாறும். ஆனால் அவள் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக இறங்கியும் ஏறியும் பழகிய தமிழ்ப் பிள்ளைக்குத்தான் அது உடனே உறைத்தது. ஆங்கிலத்தில் மட்டும் அந்த ஓவியத்தைப் பேசியிருந்தால் இரண்டு வரிகளிலும் ஒரே சொல்லே வந்திருக்கும், கேள்வியும் எழுந்திராது.

இன்னொன்றும் பெரிதாக்கிய படத்தில் தெரிந்தது. 'டி-மானா' என்பதன் நடுவே ஒரு சிறு கோடு. இன்றைய மலாயில் அக்கோடு இல்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஒன்றாக மேற்கொண்டபோது அது நீங்கியது. ஆக, ஓவியத்தின் ஆண்டை யாரும் சொல்லாவிட்டாலும் அந்தக் கோடு ஏதோ சொல்கிறது. மலாய் மொழி பயிலும் நண்பனிடம் கேட்டுவர ஒரு மாணவனை அனுப்பினேன். அவன் திரும்பி வந்து, "இப்போ இப்படி எழுதமாட்டாங்களாம் ஐயா" என்றான். அந்த 'ஆம்' உரையளவையின் விகுதி. பேச்சில் அவன் அதை இயல்பாகவே கையாண்டான்.

மூன்றாவதாகத்தான் உரையைத் திறந்தேன். 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. மலாய் தேசிய மொழியாயிற்று. பல இனத்தவரும் மலாய் வகுப்புகளுக்குச் சென்றார்கள். வட்ட மேசையைச் சமத்துவத்தின் அடையாளமாகக் கலைக்கூடம் விளக்குவதையும் சொன்னேன். ஒரு மாணவன் ஒப்புக்கொள்ளவில்லை. "வட்ட மேசைதான் வீட்டில் இருந்திருக்கும், அதனால் போட்டிருக்கலாம்" என்றான். இருக்கலாம். கண்டதைத் தன் கருத்தாக்கி, கேட்ட உரையோடு மோதவிட்ட அந்த வாக்கியத்துக்காகவே நான் வகுப்பெடுக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பிய பின்னரே எனக்கு ஒன்று புலப்பட்டது. அந்த ஓவியத்தின் கரும்பலகையில் இரண்டு வினாக்கள் மட்டுமே உள்ளன. விடைகள் இல்லை. விடைகள் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களிடம் இருந்து வரவேண்டும். 1959ஆம் ஆண்டு ஆசிரியரின் பலகையையும் நம்முடைய இருபது வில்லைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. படவில்லை மாணவர் வாய் திறப்பதற்கு முந்தைய இரவே எழுதி முடிக்கப்படுவது. பலகை, அவர்கள் வாய் திறந்த பின் எழுதப்படுவது. எனவே திரையில் படத்தையும் பலகையில் மாணவர் சொல்லையும் வைப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். பேச்சு சூடுபிடிக்கும்போது திரை தேவையில்லை. பவர்பாயிண்டில் 'பி' விசையை அழுத்தினால் திரை இருண்டுவிடும். படவில்லைக் கருவியின் மிகப் பயனுள்ள விசை அதுவே என்று என் மாணவ ஆசிரியர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதில் தமிழுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நம் பிள்ளைகள் கலைப் பாடத்தை ஆங்கிலத்தில் பயில்கிறார்கள். அருங்காட்சிக் குறிப்புகளை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழ் வகுப்பிலும் காட்சியைப் பார்த்துப் பேசும் பயிற்சி உண்டு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் 2017 முதல் காணொளியைக் கண்டு உரையாடுகிறார்கள். ஆயினும் ஓர் ஓவியத்தைக் காட்டினால் வரும் முதல் தமிழ்த் தொடர் "அழகாக உள்ளது". இரண்டாவது "மிகவும் அழகாக உள்ளது". மூன்றாவதற்கு ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். மதிப்பிடுவதற்கு ஆங்கிலம், வாழ்த்துவதற்குத் தமிழ் என்று பங்கீடு நடந்துவிட்டால், பொங்கல் வாழ்த்து அட்டையைத் தவிர வேறெதிலும் தமிழை எழுத இந்தத் தலைமுறைக்குத் தேவை ஏற்படாது. நான் மிகைப்படுத்துவதாக எண்ணினால், உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்றிரவு ஒரு படத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

ஓவியத்தைப் பேசும் தமிழ் புதிதாகப் பண்ணவேண்டிய ஒன்றன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். காமனும் இரதியும் இருக்கிறார்கள். பூனை உருக்கொண்ட இந்திரனும் அகலிகையும் சினந்த கௌதமனும் இருக்கிறார்கள். இது யார், இது என்ன என்று ஒருவர் கேட்க மற்றவர் சுட்டிக்காட்டி விளக்குகிறார். ஓவியத்தின் முன் நடந்த உரையாடலுக்கு நம் மொழியில் உள்ள மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. என் கண்ணுக்கு ஒரு குறை தெரிகிறது: அங்கும் உரையே முந்திக்கொள்கிறது. கோடும் வண்ணமும் பற்றி யாரும் பேசவில்லை, கதை யாருடையது என்பதே பேச்சு. நம் வகுப்பறைப் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று போலும். மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் கூறும்போது, பார்ப்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துபவர் என்கிறார். ஓவியரின் வேலை முடியும் இடம் சுவரோ துணியோ அன்று, பார்ப்பவர் கண். நாம் வில்லை நிறைய எழுத்தைக் கொட்டும்போது அந்த இடத்தைத்தான் அடைத்துவிடுகிறோம்.

திரையால் ஆகாதவையும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசினால் கருவி விற்பவனாகிவிடுவேன். திரை எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் செப்புப் படிமமும் நான்கு மாடி உயரச் சுவரோவியமும் படவில்லையில் ஒரே உயரம். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு மரவாசல் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது, நுண்ணிய உருவங்கள் ஆயிரக்கணக்கில் செதுக்கப்பட்டது. படவில்லையில் அது ஒரு பழுப்புச் சட்டம். அதன் கீழே நின்று கழுத்தை அண்ணாந்து பார்க்கும்போதுதான், இதன் வழியே நுழைபவனைச் சிறியவனாக உணரச் செய்வதற்காகவே இது ஆனது என்று தோன்றுகிறது. ஆகவே ஒவ்வொரு படவில்லையிலும் ஒரு மனித உருவத்தின் நிழலைப் பக்கத்தில் அளவுக்காக வைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எளிய வேலை, பெரும்பாலோர் செய்வதில்லை.

வண்ணமும் ஏமாற்றும். கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா இல்லம் 1900இல் கட்டப்பட்டது. எல்லாச் சாளரங்களும் வெவ்வேறு வண்ணத்தில் ஒளிரும் அதன் படத்தை நீங்கள் அஞ்சலட்டைகளில் பார்த்திருப்பீர்கள். மாணவர்களிடம் காட்டினால் "அந்தக் காலத்துச் சீனர்களுக்கு வண்ணம் பிடிக்கும் என்று தோன்றுகிறது" என்பார்கள். அந்த வண்ணங்கள் 1980களில் நடந்த சீரமைப்புக்குப் பிந்தியவை. காண்டல் சரி, கருதல் பிழை, திருத்துவதற்கு உரை தேவை. உரையை நான் எங்கும் இழித்துரைக்கவில்லை. அதன் முறை வரும்வரை அது காத்திருக்கவேண்டும் என்பதே என் கட்சி. போகிற போக்கில் ஒன்று: அந்தச் சாலையின் பெயரான 'கெர்பாவ்' மலாயில் எருமை. அதற்கு அடுத்ததே பஃப்பலோ சாலை. ஒரே எருமை இரண்டு மொழிகளில் இரண்டு தெருவாக நிற்கிறது. கால்நடை வணிகம் நடந்த பகுதியின் நினைவு அது.

அங்கிருந்து சில அடி நடந்தால் பெலிலியோஸ் லேன். லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் 2015 முதல் லிட்டில் இந்தியாவின் சுவர்களில் ஓவியங்களைக் கொண்டுவந்தன. அவற்றுள் சைஃபூல் என்ற பெயரில் வரையும் ஓவியர் தீட்டிய பழந்தொழில்கள் பற்றிய சுவரோவியம் இந்தச் சந்தில் உள்ளது. கிளி சோதிடர் இருக்கிறார், மாலை கட்டுபவர் இருக்கிறார். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது வேலையைத் தலைகீழாக்கினேன். இம்முறை வில்லைகளைத் தயாரிக்க வேண்டியவர்கள் அவர்கள். உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரிடமும் இப்போது சொந்தக் கற்றல் கருவி இருப்பதால் இதில் தடையில்லை. குழுவுக்கு மூன்றே வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு வாக்கியம். முதல் வாக்கியம் 'தெரிகிறது' என்றும், இரண்டாவது 'தோன்றுகிறது' என்றும், மூன்றாவது 'என்கிறார்' என்றும் முடியவேண்டும். மூன்றாவது வாக்கியத்தை இணையத்திலிருந்து எடுக்கக்கூடாது, ஒரு மனிதரிடம் கேட்டு வரவேண்டும்.

ஒரு குழு பூக்கடையில் நின்று மாலை கட்டுபவரிடம் கேட்டது. சுவரில் இருக்கிற மாலை கட்டியதா, தொடுத்ததா, கோத்ததா என்று அந்த அம்மையார் திருப்பிக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். ஊசியில் நூலேற்றிப் பூவின் நடுவே குத்தி இழுத்தால் கோத்தல், நாரினால் காம்புகளை முடிச்சிட்டுச் சேர்த்தால் தொடுத்தல் என்று அவர் செய்துகாட்ட, அதை ஒரு மாணவி தன் கருவியில் படமெடுத்தாள். மறுபடியும் பெலிலியோஸ் லேனுக்கு ஓடி, சுவரிலிருந்த கைகளை உற்றுப் பார்த்தார்கள். விரல்கள் எப்படி இருக்கின்றன, ஊசி இருக்கிறதா என்று அரைமணி நேரம் வாதிட்டார்கள். ஓர் ஓவியத்தின் விரல்களைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தமிழில் அரைமணி நேரம் சண்டையிட்டதை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை. அகராதியில் அடுத்தடுத்த பதிவுகளாக உறங்கிய இரண்டு வினைகள் அன்று பார்க்கும் கருவிகளாயின.

இரண்டு படங்களை ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைப்பது பற்றியும் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்துக் கலை வரலாற்றறிஞர் ஹைன்ரிக் வோல்ஃப்லின் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரண்டு படவீழ்த்திகளைக் கொண்டு இப்படிக் கற்பித்தார். ஒற்றைப் படம் புகழ்ச்சியை வரவழைக்கும், இரட்டைப் படம் வேறுபாட்டைத் தேடவைக்கும். இது வகுப்பறைப் பயிற்சி மட்டுமன்று. நம் ஊரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து உமா பரமேசுவரி செப்புத்திருமேனி ஒன்றை ஆறு இலட்சத்து ஐம்பதாயிரம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து களவுபோனது என்று பின்னர் தெரியவந்தது. அரும்பொருளகம் 2015இல் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே கோயிலின் நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து அதற்கு முந்தைய ஆண்டே திரும்பியிருந்தார். களவுக்கு முன் கோயிலில் இருந்த திருமேனிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் நிழற்படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் அருகருகே வைத்தபோது இரண்டும் ஒன்றே என்று கண் சொல்லிற்று.

காட்சிப் பெட்டியின் குறிப்பட்டையில் இருந்தது உரை. நூற்றாண்டும் உலோகமும் சரியாகவே எழுதப்பட்டிருக்கும். எப்படி வந்தது என்ற வரலாறு மட்டும் பொய். பிழையான உரையைக் காண்டலால் வென்ற நிகழ்வு இது. வார்ப்பில் நேர்ந்த சிறு வடுவையும் விரலின் வளைவையும் நிதானமாகப் பார்க்கத் தெரிந்த கண்கள் தேவைப்பட்டன. சோழர் செப்புத்திருமேனி என்று தலைப்பிட்டு வில்லை போடும் ஆசிரியர் இந்த இரண்டு படங்களையும் தலைப்பில்லாமல் முதலில் காட்டட்டும். "இவை ஒன்றா, இரண்டா?" என்ற ஒரே வினா போதும். பிள்ளைகள் திரைக்கே எழுந்து வந்துவிடுவார்கள்.

எழுத்துருத் தொல்லை பற்றி ஆசிரியர்கள் என்னிடம் முறையிடுவதுண்டு. வீட்டில் தயாரித்த தமிழ் வில்லை பள்ளிக் கணினியில் கட்டங்கட்டமாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. 1997இல் தமிழிணைய மாநாட்டை இந்நகரில் கூட்டியவர்கள் மேற்கொண்ட உழைப்பாலும், பின்னர் ஒருங்குறி பரவியதாலும் அது பெரும்பாலும் தீர்ந்தது. இப்போதைய தொல்லை வேறு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தைச் சுருக்கினால்தான் வரியில் அடங்கும் என்கிறார்கள். வரியைக் குறையுங்கள் என்பதே என் மறுமொழி. ஒரு வில்லைக்கு ஒரு வினா என்றால் எந்தத் தமிழ்ச் சொல்லும் அடங்கும்.

எழுத ஒன்றுமில்லை என்று சொன்ன அந்த மாணவியை மறு ஆண்டு அதே பள்ளியில் மீண்டும் சந்தித்தேன். தேசிய மொழி வகுப்பு ஓவியத்தைத் தலைப்பில்லாமல் காட்டினேன். அவள் எழுதியது நான்கு வரி. கடைசி வரி இது: "பலகையில் கேள்வி இருக்கிறது, ஆனால் பதில் சொல்பவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்."

அவைத்தலைவர் மணியைப் பார்க்கிறார். வினாக்களுக்குச் செல்லும் முன் அரங்கின் விளக்குகளைக் குறைக்கச் சொல்கிறேன். திரையில் இன்னொரு ஓவியம் வரும். யார் வரைந்தது, எப்போது என்று சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடம் பார்ப்போம். முதல் வாக்கியம் 'தெரிகிறது' என்று முடியட்டும்.